பதிவேட்டின் ஓரத்தில் இருந்த கலியாணம்

கலியாணத்துக்காகக் கொழும்பில் நின்ற பத்து நாட்களில் இரண்டு காலைப் பொழுதுகளை எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். ரொறன்ரோவில் விமானம் ஏறுவதற்கு முன்பே கொப்பியில் எழுதிவிட்டேன்: செவ்வாய், புதன், கொட்டாஞ்சேனைக் கோயில். மற்ற நாட்கள் சாறிக்கும் பிளவுசுக்கும் சொந்தக்காரர் வீடுகளுக்கும் போகட்டும், இந்த இரண்டையும் யாருக்கும் கொடுப்பதில்லை என்பது என் எண்ணம்.

கலியாணம் அண்ணாவின் மகளுக்கு. அண்ணா என்று நான் சொல்வது பெரியப்பாவின் மகனை. எனக்குக் கூடப்பிறந்தது ஒரு தம்பி மட்டுந்தான். ஆனால் இளம் வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, வெளிநாட்டு விசாவுக்காக வெள்ளவத்தையில் எட்டு மாதம் காத்துக் கிடந்தபோது என்னை வீட்டில் வைத்துப் பார்த்தவர் அண்ணா. பொலிஸ் பதிவுக்கு என்னோடு வரிசையில் நின்றவர் அவர். அடையாள அட்டையை எங்கேயோ தவறவிட்டு நான் நடுங்கிக்கொண்டு வந்த நாளில், ஒரு வார்த்தை ஏசாமல் சேர்ட்டை மாட்டிக்கொண்டு என்னோடு திரும்ப நடந்து தேடியவரும் அவர்தான். ஆகவே அவர் எதைச் சொன்னாலும் நான் இரண்டாம் முறை யோசித்ததில்லை.

குடும்ப வரலாறு தேடும் பைத்தியம் எனக்குப் பிடித்தது ஆறு வருடங்களுக்கு முன். அப்பாவும் பெரியப்பாவும் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர்கள். அப்பப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞர். ஆண் பிள்ளைகள் இரண்டுக்குப் பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்ததென்றும், அது ஆறு மாதத்தில் காய்ச்சலில் செத்துப்போனதென்றும் அப்பா சொல்லியிருந்தார். பிறகு அப்பப்பா வேலையை விட்டுவிட்டு எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். எனக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். அதை எழுத்தில் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஞானஸ்நானப் பதிவுகள் அந்தக் கோயிலில் இருக்கும், போய்ப் பாருங்கோ என்று அண்ணாவைத் தொலைபேசியில் நச்சரித்தேன். அவரும் போனார். அப்பாவின் பதிவையும் பெரியப்பாவின் பதிவையும் பார்த்து எழுதி அனுப்பினார்.

"அந்தப் பிள்ளையின்ர பதிவு?" என்று கேட்டேன்.

"அந்த வருசத்துப் புத்தகம் மழைத்தண்ணியில ஊறிப்போச்சாம். ஒண்டும் வாசிக்கேலாது" என்றார்.

நான் நம்பினேன். ரொறன்ரோ வீட்டுச் சமையலறை மேசையில் பெரிய தாளை விரித்து, குடும்ப மரத்தை வரையத் தொடங்கினேன். அப்பா அப்போது எங்களோடு இருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து அமர்ந்து, நான் எழுதிய பெயர்களில் எழுத்துப்பிழை திருத்துவார். அந்தக் குழந்தையின் பெயருக்கு முன்னால், இறந்ததைக் குறிக்க நான் ஒரு சிலுவை போட்டபோது, "உது என்னத்துக்கு அவ்வளவு பெரிசா?" என்று கேட்டார். அழித்துவிட்டுச் சிறிதாகப் போட்டேன். எட்டு மாதமா ஆறு மாதமா என்று கேட்டேன். ஆறு என்றார்.

அப்பா இறந்து இப்போது நான்கு வருடம். முப்பத்தோராம் நாள் பூசைக்கு அச்சடித்த நினைவு மலரின் நடுப் பக்கத்தில் அந்த மரத்தையே போட்டேன். கொழும்பிலும் அண்ணா ஒரு பூசை வைத்தார். அங்கே வந்தவர்களுக்குக் கொடுக்க அந்த நினைவு மலரில் ஒரு கட்டு அனுப்பினேன்.

வெள்ளவத்தைக்கு வந்து இறங்கிய மறுநாளே அண்ணாவிடம் சொன்னேன், செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போகப்போகிறேன் என்று. அவர் பந்தல்காரனோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு, "இந்த அமளிக்குள்ள எதுக்கு? நான்தான் எல்லாம் எடுத்துத் தந்தனான்தானே" என்றார்.

"ஒருக்கா என்ர கண்ணால பாக்கவேணும் அண்ணா."

"செவ்வாய்க்கிழமை அங்க ஒஃபிஸ் பூட்டு" என்றார். செவ்வாய்க்கிழமை என்னை அண்ணியோடு நுகேகொடைக்கு அனுப்பினார். பொம்பிளைத் தோழிகளுக்குப் போட ஒரே நிறத்தில் காப்பு தேடி மூன்று கடை ஏறி இறங்கினோம். என்னுடைய ஒரு காலை அப்படிப் போனது. புதன்கிழமைக்கும் ஏதோ வேலை சொன்னார்கள். ஹெவ்லொக் டவுனில் என்னோடு படித்த சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள், அவளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஓட்டோ ஒன்றை மறித்தேன். அண்ணாவுக்கு நான் சொன்ன முதல் பொய் அது. காலி வீதி நெடுகிலும் அது என்னை உறுத்திக்கொண்டிருந்தது. பாவம் மனிசன், கலியாண வேலைக்குள் என்னையும் சமாளிக்கிறாரே, மத்தியானம் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

கோயில் அலுவலகம் திறந்திருந்தது. அறுபது வயதிருக்கும் ஒரு பெண்மணி, கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டபடி இருந்தார். அப்பாவின் பெயரையும் பிறந்த வருடத்தையும் சொன்னேன். உள்ளே போய்த் தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, மேசையில் ஒரு துணியை விரித்து அதன்மேல் வைத்தார். அப்பாவின் வரி வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணா அனுப்பியதில் ஒரு எழுத்தும் பிசகில்லை. மனதுக்குள் அவருக்கு நன்றி சொன்னேன்.

எழும்பப் போகும் நேரத்தில்தான், சும்மா ஒரு பேச்சுக்கு, "ஒரு வருசத்துப் புத்தகம் தண்ணியில ஊறிப்போச்சாமே" என்று கேட்டேன்.

"எந்தப் புத்தகம் மிஸ்?"

வருடத்தைச் சொன்னேன்.

"இங்க எந்தப் புத்தகமும் ஊறல்ல. எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அதையும் எடுத்து வந்தார்.

பக்கம் பழுத்துப்போயிருந்ததே தவிர, எழுத்து தெளிவாக இருந்தது. அப்பப்பாவின் பெயர், அப்பம்மாவின் பெயர், குழந்தையின் பெயர். அந்த வரிக்கு நேரே பக்கத்தின் ஓரத்தில், வேறு மையில், வேறு கையெழுத்தில் ஒரு குறிப்பு. இதே கோயிலில் திருமணம் செய்தார் என்று ஆங்கிலத்தில் எழுதி, தேதியும் போட்டிருந்தது. கணக்குப் பார்த்தால் குழந்தைக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

"இது பிழையாக்கும். இந்தப் பிள்ளை ஆறு மாதத்தில செத்துப்போச்சு" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார். "ஞானஸ்நானப் புத்தகத்துல பின்னால கலியாணத்தக் குறிச்சு வைக்கிறது வழக்கம் மிஸ். செத்த பிள்ளைக்கு யாரும் கலியாணம் எழுதமாட்டாங்க."

திருமணப் பதிவேட்டையும் அவரே தேடி எடுத்தார். மணமகன் அச்சகத் தொழிலாளி. மணமகனின் தகப்பன் நகரசபைத் தொழிலாளி, பிறந்த இடம் இந்தியா. கீழே சாட்சிகளின் கையெழுத்து இரண்டு. இரண்டாவது கையெழுத்தை நான் வாசிக்கத் தேவையிருக்கவில்லை. கடைசி எழுத்தின் வாலை நீட்டி இழுத்து அடியில் ஒரு கோடாக்கும் அந்தக் கையெழுத்து என் பள்ளிக்கூட ரிப்போர்ட் எல்லாவற்றிலும் இருக்கிறது. அப்பா தன் தங்கையின் கலியாணத்துக்குச் சாட்சியாக நின்றிருக்கிறார்.

பிரதி எடுக்கவேண்டும் என்று கேட்டேன். கேட்பவர்கள் பெயர் எழுதும் புத்தகத்தை அவர் புரட்டினார். "இதுக்கு முந்தியும் ஒருக்கா கொப்பி குடுத்திருக்கு" என்று விரலை வைத்துக் காட்டினார். ஆறு வருடத்துக்கு முந்திய ஒரு தேதி. பக்கத்தில் அண்ணாவின் பெயரும் கையெழுத்தும்.

நான் கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். அந்தப் பெண்மணி மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்தார். "நீங்க அந்த அம்மாவுக்கு என்ன முறை?" என்று கேட்டார்.

"எனக்கு மாமி. அப்பாவின்ர தங்கச்சி."

"அவங்க ஆறு மணிப் பூசைக்குத் தவறாம வருவாங்க. போன தவக்காலத்துலதான் மோசம் போனாங்க. மக பின்னால ஒழுங்கையிலதான் இருக்கிறா. வேணும்னா காட்டித் தரச் சொல்றேன்."

போன தவக்காலம். அவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

ஒழுங்கை சரிவாக இறங்கியது. ஒட்டி ஒட்டி இருந்த வீடுகளில் மூன்றாவது. கதவைத் திறந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். நான் யாரென்று சொன்னதும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுபோனது. ஆனாலும் வழிவிட்டு, "உள்ள வாங்க" என்றார். கதிரையில் இருந்த துணிகளை எடுத்து ஓரமாக வைத்தார். எனக்கு மச்சாள் முறையான ஒருவரை ஐம்பத்து மூன்று வயதில் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றி அப்படியே அப்பாவின் நெற்றி.

"இப்ப எதுக்கு வந்தீங்க? அம்மாதான் இல்லையே" என்றார்.

"இப்பிடி ஒரு ஆள் இருந்தவ எண்டே எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

அவர் நம்பவில்லை. எழுந்து போய், அலுமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். அப்பாவின் நினைவு மலர். வெள்ளவத்தைப் பூசைக்குப் போன யாரோ ஒருவர் கொண்டுவந்து கொடுத்ததாம். நடுப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார்.

"அம்மாவுக்குக் கண்ணு தெரியாது. நான்தான் வாசிச்சுக் காட்டினேன். எல்லாப் பேரையும் வாசிச்சிட்டு, இந்தப் பேர் வந்ததும் நிப்பாட்டிட்டேன். என் பேர் இருக்கான்னு கேட்டாங்க. இருக்குன்னு சொன்னேன். வேற என்ன போட்டிருக்குன்னு கேட்டாங்க. நான் பொய் சொல்லிப் பழகல்ல. சிலுவ போட்டிருக்கும்மான்னு சொன்னேன்."

அந்தச் சிலுவையை வரைந்தது என் கை.

பிறகு அவர் மிச்சத்தையும் சொன்னார். அண்ணா அந்த வீட்டுக்கு ஆறு வருடமாக வந்து போகிறார். நத்தாருக்குக் கேக் கொண்டுவருவார். அப்பா இறந்த செய்தியைச் சொன்னதும் அவர்தான். மலரை வாசித்துக் காட்டிய அடுத்த வாரம் மாமி மகளை இருத்தி எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னாராம்.

"என்ன எழுதினவ?"

"பெருசா ஒண்ணுமில்ல. நான் சாகேல்லை மகள், இருக்கிறன்னு எழுதச் சொன்னாங்க. எங்க கூட இத்தன வருசம் இருந்தும் அம்மா பேச்சு மாறவே இல்ல, ஓம் ஓம்னுதான் பேசுவாங்க. அப்புறம், சின்னண்ணன் கடைசியில என்னைக் கேட்டவரோன்னு எழுதச் சொன்னாங்க. அவ்வளவுதான். உங்க அண்ணன்தான் அனுப்புறேன்னு வாங்கிட்டுப் போனார். ஒரு மாசம் கழிச்சு வந்து, கனடாவுல அவங்களுக்கு விருப்பமில்ல, இனி எழுத வேணாம்னு சொன்னார்."

"எனக்குக் கடிதம் ஒண்டும் வரேல்லை" என்றேன். இந்த முறை அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு என் மடியிலிருந்த மலரை மெதுவாக எடுத்து மூடி வைத்தார்.

"அப்ப நீங்களே சொல்லுங்க. மாமா கேட்டாரா?"

அப்பாவின் கடைசி மூன்று வாரமும் ஆஸ்பத்திரியில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். அவருக்குக் கடைசிவரை நினைவு இருந்தது. ஊர்க் கிணற்றைப் பற்றிக் கேட்டார், தம்பியின் பிள்ளைகளைக் கேட்டார். கேட்டவர் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் இன்னொரு பொய்யை வைத்துவிட்டு வர என்னால் முடியவில்லை.

"இல்லை" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அம்மாவும் அப்படித்தான் நினைச்சாங்க" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனார். அவர் திரும்பி வர நேரம் எடுத்தது.

வெள்ளவத்தைக்குத் திரும்பியபோது பிளாட் நிறைய ஆட்கள். முன்னறையில் பலகாரத் தட்டுகள் அடுக்கியிருந்தன. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் அண்ணியோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணா என்னைக் கண்டதும், "எப்பிடி இருக்கிறா சிநேகிதி?" என்று கேட்டார். கையிலிருந்த பிரதியை விரித்துக் காட்டினேன். அவர் என் முழங்கையைப் பிடித்துப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். கீழே கடலோரம் ரயில் ஒன்று போனது.

"சத்தம் போடாதை. அவையள் இருக்கினம்" என்றார்.

"நான் சத்தம் போடேல்லை. ஏன் அண்ணா?"

"உன்ர அப்பாதான் சத்தியம் வாங்கினவர்."

"எப்ப?"

"நான் கண்டுபிடிச்ச அண்டைக்கே போன் எடுத்து, எந்த ஒழுங்கை, எத்தனையாம் வீடு எண்டதுவரை சொன்னனான். சந்தோசப்படுவார் எண்டு நினைச்சன். சித்தப்பா அழுதார். பிறகு சொன்னார், பிள்ளையளுக்குச் சொல்லாதை எண்டு. சித்தியின்ர கலியாணம் பேசேக்கையே தங்கச்சி இல்லை எண்டு சொல்லிப்போட்டினமாம். மாமி இந்தியாவிலயிருந்து வந்த நகரசபைத் தொழிலாளியின்ர மகனைக் கட்டின வெக்கத்திலதான் அப்பப்பா ஊரோட போனதும். சித்திக்குக்கூடத் தெரியாது. இவ்வளவு காலத்துக்குப் பிறகு எப்பிடி மாத்திச் சொல்லுறது எண்டு கேட்டார்."

நான் மனதுக்குள் மாதங்களை எண்ணினேன். சமையலறை மேசையில் என் பக்கத்தில் அமர்ந்து, சிலுவை ஏன் அவ்வளவு பெரிசு என்று கேட்டபோது, அப்பாவுக்குத் தங்கை உயிரோடு இருப்பது தெரியும். எந்த ஒழுங்கையில், எத்தனையாம் வீட்டில் என்றுகூடத் தெரியும்.

"அப்பா செத்தாப் பிறகு?" என்று கேட்டேன்.

அண்ணா கம்பியைப் பிடித்தபடி கடலைப் பார்த்தார். "பிள்ளைக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கினம். அவையள் எல்லாத்தையும் துருவித் துருவிக் கேக்கிற ஆக்கள். உனக்குச் சொன்னா நீ உடன எல்லாருக்கும் அனுப்பிப்போடுவாய். உன்ர குணம் எனக்குத் தெரியும்."

"கடிதம் எங்க?"

"கிழிச்சுப்போட்டன்."

"எனக்கு விருப்பமில்லை எண்டு ஏன் சொன்னீங்கள்? வேற எதையாவது சொல்லியிருக்கலாம். முகவரி மாறிப்போச்சு எண்டு சொல்லியிருக்கலாம். என்னை ஏன் இதுக்குள்ள இழுத்தீங்கள்?"

"அப்பிடிச் சொன்னாத்தான் திரும்பக் கேக்கமாட்டா" என்றார். சொல்லிவிட்டு, அது எவ்வளவு மோசமான பதில் என்று அவருக்கே விளங்கியிருக்க வேண்டும். "கலியாணம் முடியட்டும் பிள்ளை. பிறகு கதைப்பம்" என்று தணிந்த குரலில் சொன்னார். அடையாள அட்டையைத் தேடி என்னோடு வீதியில் நடந்த நாளிலும் இதே குரலில்தான் என்னைப் பிள்ளை என்று கூப்பிட்டார். அந்தக் குரலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மச்சாளுக்குப் போன் எடுத்து, என்னோடு கலியாணத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். "வேணாங்க. அழைக்காத வீட்டுக்கு அம்மா எங்கள அனுப்பினதில்ல" என்றார்.

சனிக்கிழமை கலியாணத்துக்குப் போனேன். போகாமல் விட்டிருக்கலாம் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அந்தப் பெண் என்ன பிழை செய்தாள்? கோயிலில் மூன்றாம் வரிசை வாங்கில் இருந்தேன். மணமக்கள் கையெழுத்து வைக்கப் போனபோது சாட்சிகளையும் கூப்பிட்டார்கள். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. படம் எடுக்கும்போது அண்ணா என்னைத் தேடிவந்து தன் பக்கத்தில் நிறுத்தினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நின்றேன். அவர் கை என் தோளில் இருந்தது. அந்தப் படத்தை அண்ணி அனுப்பினார். நான் இன்னும் திறக்கவில்லை.

ஞாயிறு காலை மச்சாளோடு சவக்காலைக்குப் போனேன். மாமியின் குழி சிமெந்து போட்டு, மரச் சிலுவையோடு இருந்தது. மெழுகுதிரி கொளுத்தினோம், காற்றில் இரண்டு முறை அணைந்தது. என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பதென்று தெரியாமல் நின்றேன். மச்சாள், "அம்மா உங்க மேல கோவமா இருந்தாங்கன்னு சொல்லமாட்டேன், இல்லைன்னும் சொல்லமாட்டேன். அவங்க அதப் பத்திப் பேசல்ல" என்றார். எனக்கு அந்த நேர்மை போதுமாக இருந்தது.

ரொறன்ரோவுக்கு வந்ததும் மரத்தைத் திருத்தி வரைந்தேன். மாமியின் கணவர், மச்சாள், மச்சாளின் பிள்ளைகள் எல்லோரையும் எழுதி, திருமணப் பதிவின் பிரதியையும் சேர்த்துக் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இரண்டு நாளைக்கு யாரும் ஒன்றும் எழுதவில்லை. பிறகு இலண்டனிலிருந்து ஒரு சொந்தக்காரி அழைத்து, புதுக் கலியாணம் நடந்த வீட்டில் இப்படிச் செய்யலாமா என்று ஏசினாள். அண்ணா குழுவிலிருந்து விலகினார். மாப்பிள்ளை வீட்டாருக்கு விசயம் தெரிந்ததாம், அவர்கள் அதைப் பெரிதாக எடுக்கவே இல்லையாம். தம்பி சொன்னான். கேட்டபோது எனக்கு ஆத்திரம் கூடியதே தவிரக் குறையவில்லை. அண்ணா அனுப்பும் குரல் செய்திகள் என் போனில் சேர்ந்து கிடக்கின்றன. கேட்டால் கரைந்துவிடுவேன் என்று பயந்து கேட்காமல் இருக்கிறேன்.

அப்பாவின் ஆண்டு நினைவு இரண்டு கிழமைக்கு முன் வந்தது. ஒவ்வொரு வருடமும் அவருக்காகப் பூசைக்குச் சொல்லி வைப்பது நான்தான். இந்த முறை சொல்லவில்லை. தம்பி கோயிலுக்குப் போய், அப்பாவின் பெயரை வாசிக்காததைக் கண்டு, வெளியே வந்ததும் போன் எடுத்தான்.

"மறந்துபோனியே அக்கா?"

"இல்லை" என்றேன். "மறக்கேல்லை."

அவன் அடுத்த ஞாயிறு தானே போய்ச் சொல்லி வைப்பதாகச் சொன்னான். சரி என்றேன்.